பழைய ஸ்னோமொபைல் ஓடி கெடுறத விட நின்னு கெடுறதுதான் ஜாஸ்தி: பனி உருகினதும் செய்ய வேண்டிய வேலைங்க

இங்க சட்பரி பக்கம், கனடாவோட வட ஒன்டாரியோல, மார்ச் கடைசிக்குள்ள ஸ்னோமொபைல் ஓட்டுற ட்ரெயில் எல்லாம் மூடிடும், அப்புறம் நல்ல பனி விழ டிசம்பர் ஆயிடும். நடுவுல எட்டு மாசம் வண்டி சும்மா நிக்கும். என்னோடது 90கள்ல வந்த ஸ்லெட் (பனி மேல ஓடுற இந்த வண்டிய இங்க யாரும் ஸ்னோமொபைல்னு முழுசா சொல்றதில்ல), ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஃபேன் காத்துல ஆறுற எஞ்சின், ரெண்டு கார்புரேட்டர். இந்த வயசு வண்டிக்கு உண்மையான ஆபத்து அந்த எட்டு மாசம்தான். ஏன்னா டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல அடியில ஆயில் தேங்கி நிக்காது, பெட்ரோலோட சேர்ந்து உள்ள போற ஆயில்தான் கிராங்க் பேரிங்க நனைக்குது, வண்டி நின்னுட்டா அந்த ஆயில் மெல்ல வழிஞ்சு போயிடும், கோடை ஈரக்காத்து உள்ள புகுந்து பேரிங்கும் சிலிண்டரும் துரு பிடிக்கும்.

அதனால கடைசி ரைடு முடிஞ்ச வாரத்துலயே ஆரம்பிச்சிருங்க, வரிசை மாத்தாம பண்ணுங்க. எஞ்சின் ஓட வேண்டிய வேலை எல்லாம் முதல்ல, கழட்டுற வேலை எல்லாம் அப்புறம்.

முதல்ல எஞ்சின் சூடா இருக்கும்போதே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாருங்க. ஸ்பார்க் ப்ளக் ரெண்டையும் கழட்டி, ப்ளக் கேப்ப எஞ்சின் உடம்புல எர்த் பண்ணிட்டு, கில் ஸ்விட்ச அமுத்தி, ப்ளக் ஓட்டைல கேஜ மாட்டி, த்ராட்டில முழுசா பிடிச்சுக்கிட்டு கேஜ் முள் ஏறி நிக்கிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ற கயிற இழுங்க. ரெண்டு சிலிண்டரும் 120 பிஎஸ்ஐ கிட்ட இருந்தா சந்தோஷம், ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா இந்த கோடைலயே சிலிண்டர தூக்கி உள்ள பாக்கணும். இத ஃபாகிங் ஆயில் (எஞ்சின் உள்ள துரு பிடிக்காம இருக்க அடிக்கிற ஸ்ப்ரே ஆயில்) அடிக்கிறதுக்கு முன்னாடியே பண்ணிடணும், அடிச்ச பிறகு பாத்தா அந்த ஆயில் பிஸ்டன் ரிங் இடுக்க அடைச்சு நம்பர் பொய்யா கூடுதலா தெரியும்.

அடுத்து டேங்க கிட்டத்தட்ட முழுசா நிரப்பி ஃப்யூல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாம வச்சிருக்கற திரவம்) ஊத்துங்க, எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைச்சா அதையே போடுங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும். ப்ளக்க திரும்ப போட்டு, வண்டியோட பின்பக்கத்த ஸ்டாண்டுல தூக்கி ட்ராக் (அடியில சுத்துற அகலமான ரப்பர் பட்டை) தரைல படாம வச்சு, கராஜுக்கு வெளிய பத்து நிமிஷம் ஓட விடுங்க, அப்பதான் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரைக்கும் வரும். ட்ராக் சுத்தும்போது பின்னாடி யாரும் நிக்கவே கூடாது, குழந்தைங்க இருந்தா வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க, ஒரு கல்லோ உடைஞ்ச ஸ்டட்டோ (ட்ராக்குல பிடிப்புக்கு மாட்டுற ஆணி) பறந்து வந்தா தாங்க முடியாது.

இப்ப ஏர்பாக்ஸ (கார்புரேட்டருக்கு காத்து வர்ற பெட்டி) கழட்டி, ஐடில்ல இருந்து கொஞ்சம் மேல ஓட்டிக்கிட்டே ரெண்டு கார்புரேட்டர் வாயிலயும் மாறி மாறி ஃபாகிங் ஆயில் அடிங்க, வெள்ளைப் புகை குபுகுபுன்னு வந்ததும் எஞ்சின நிறுத்திடுங்க. ப்ளக் ஓட்டை வழியாவும் கொஞ்சம் அடிச்சு கயிற மெதுவா நாலஞ்சு தடவ இழுத்து ப்ளக்க மூடுங்க. அப்புறம் பெட்ரோல் டேப்ப மூடி கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கறத வடிச்சிருங்க, அங்க காய்ஞ்சு பிசினாகுற பெட்ரோல்தான் பைலட் ஜெட்ட (ஐடில்ல பெட்ரோல் வர்ற நுண்ணிய ஓட்டை) அடைக்கும். அடைஞ்சிருந்தா கம்பிய விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், க்ளீனரும் காத்தும் போதும்.

இனிமே டிரைவ் பெல்ட்ட (எஞ்சின் சக்திய ட்ராக் பக்கம் கொண்டு போற பெல்ட்) கழட்டலாம், அதுக்கு முன்னாடி வேணாம், ஏன்னா பெல்ட் இல்லாம எஞ்சின முறுக்கினா லோடே இல்லாம ஆர்பிஎம் தாறுமாறா ஏறி க்ளட்ச் பாழாகும். கழட்டின பெல்ட் மேல ஓட்டின திசைய எழுதி வைங்க, பக்கவாட்டுல பளபளன்னு கருகினா மாதிரி இருந்தா, இல்ல புதுசுக்கு இருந்த அகலத்துல 3 மில்லிமீட்டர் கிட்ட தேஞ்சிருந்தா, மாத்துங்க.

எல்லாத்தையும் விட நான் கெஞ்சிக் கேக்கறது ரப்பரப் பத்திதான். வண்டி வாங்கின முதல் வருஷம் வெளிய எல்லாம் சுத்தமா இருந்துச்சு, நானும் நம்பிட்டேன், ஜனவரில ஏரி மேல இருபது நிமிஷம் முழு த்ராட்டில்ல போனேன், திடீர்னு சத்தம் மாறி எஞ்சின் அப்படியே பிடிச்சிருச்சு. மைனஸ் 22ல ரெண்டு மணி நேரம் நடந்துதான் கரைக்கு வந்தேன். பிரிச்சு பாத்தா கார்புரேட்டர எஞ்சினோட சேக்குற ரப்பர் குழாய்ல (பூட்னு சொல்வாங்க) முடி மாதிரி விரிசல், கையால வளைச்சாதான் தெரியும், அது வழியா கூடுதல் காத்து போயி, பெட்ரோல் குறைஞ்சு, சூடு தாங்காம பிஸ்டன் உருகிருச்சு. அதனால அந்த ரப்பர் குழாய வளைச்சு பாருங்க, பெட்ரோல் ட்யூப் மஞ்சளாகி விறைச்சிருந்தா மாத்துங்க, டேங்குக்குள்ள தொங்குற ட்யூபையும் வெளிய எடுத்து பாருங்க (இத நிறைய பேரு மறந்துடுறாங்க), கிராங்க்கேஸ்ல இருந்து பெட்ரோல் பம்புக்கு போற சின்ன இம்பல்ஸ் ட்யூபையும் விட்டுடாதீங்க. எஞ்சின் ரிப்பேரோட ஒப்பிட்டா இதெல்லாம் விலை கம்மியான சாமான். ஃபேன் பெல்ட்லயும் விரிசல் பாருங்க, அது அறுந்தா எஞ்சின் வெந்துடும். ஆயில் ட்யூப மாத்தினா ஆயில் பம்புல (எஞ்சினுக்கு ஆயில் தள்ளுறது) காத்து தங்கும், அத வெளியேத்திட்டு, முதல் டேங்க்குக்கு மட்டும் 50க்கு 1னு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டுங்க.

செயின்கேஸ் (ட்ராக்க சுத்த வைக்கிற செயின் இருக்கிற பெட்டி) ஆயில இப்பவே மாத்துங்க, சீசன்ல சேர்ந்த ஈரம் அதுல நிக்குது. பழைய ஆயில்ல இரும்புத் துணுக்கு பெருசா வந்தா மூடிய திறந்து செயின பாருங்க. சஸ்பென்ஷன் நிப்பிள் ஒவ்வொண்ணுலயும் பழைய தண்ணி கலந்த கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் புதுசு அடிங்க, ஹைஃபாக்ஸ் (ட்ராக் உரசி ஓடுற ப்ளாஸ்டிக் பட்டை) தேய்மானக் கோட்ட தாண்டிருச்சான்னு பாருங்க, ட்ராக்க கொஞ்சம் தளர்த்தி தரைல படாம தூக்கியே வைங்க. மண்ணு மேலயோ புல்லு மேலயோ நிறுத்தாதீங்க. ப்ளாஸ்டிக் தார்ப்பாயும் வேணாம், உள்ள வேர்த்து துரு பிடிக்கும், காத்து போற துணி கவர் நல்லது.

கடைசியா எலி. ஏர்பாக்ஸ் வாயிலயும் சைலன்ஸர் ஓட்டைலயும் ஸ்டீல் வூல அடைச்சு வைங்க. ஏற்கனவே கூடு கட்டியிருந்தா காய்ஞ்சபடி தட்டி ஊதாதீங்க, இந்தப் பக்கத்து மான் எலிங்க (டியர் மௌஸ்னு சொல்ற காட்டு எலி) எச்சத்துல ஹான்டா வைரஸ் இருக்கலாம், கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ப்ளீச் கலந்த தண்ணில நனைச்சு துடைச்சு எடுங்க. எங்கெங்க என்ன அடைச்சீங்க, பெல்ட்ட எங்க வச்சீங்க, டேப் மூடியிருக்குன்னு எல்லாத்தையும் ஒரு அட்டைல எழுதி ஹேண்டில்ல கட்டிடுங்க, டிசம்பர்ல பனியப் பாத்த அவசரத்துல கயிற இழுக்கப் போகும்போது முதல்ல கைல படுறது அந்த அட்டையா இருக்கட்டும்.