பிரித்தானியாவில் பெயர் சொல்லும் இலக்கத் தகடு: வாங்குவது முதல் காப்பாற்றுவது வரை

காரின் இலக்கத் தகட்டில் தன் பெயரைத் தெரியவைப்பவரைக் கண்டதும் ‘பகட்டுக்காரர்’ என்று முடிவுகட்டும் வழக்கம் இங்கு உண்டு. அந்த முடிவை நான் ஏற்பதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னே சுமந்து வளர்ந்த ஒருவர், அந்த எழுத்துகளைத் தன் காரிலும் காண விரும்புவது இயல்பான ஆசை. பகட்டு என்று நான் சொல்வது, தகட்டின் எழுத்தை வளைத்து ஊரை ஏமாற்றுவதைத்தான்.

வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. 1989 முதல் இத்தகைய இலக்கங்களை நேரடியாக விற்கிறது. 2014இல் ‘25 ஓ’ என்ற இலக்கம் கட்டணங்களோடு 5,18,000 பவுண்ஸுக்கு ஏலம் போன செய்தியைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை; துறையின் இணையத்தளத்தில் விலை 250 பவுண்ஸிலிருந்து தொடங்குகிறது, அதில் வரியும், இலக்கத்தைக் காருக்கு மாற்றும் 80 பவுண்ஸ் கட்டணமும் அடங்கும். ஏலத்தில் கேட்பவர்கள் மட்டும், கேட்ட தொகைக்கு மேல் இவையெல்லாம் தனியாகச் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் காரின் வயதைப் பாருங்கள். காரை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் இலக்கத்தைப் பொருத்த முடியாது. 2015இல் பதிவான காருக்கு, 2020 மார்ச்சில் வந்த ‘20’ என்ற ஆண்டுக் குறி கொண்ட இலக்கம் கிடைக்காது. பழைய இலக்கத்தைப் புதிய காருக்குப் போடத் தடையில்லை. வாங்கியதும் கிடைக்கும் உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

தகடு செய்யும்போதுதான் பலர் தவறுகிறார்கள். எழுத்தின் உயரம் 79 மில்லிமீற்றர், எழுத்துகளுக்கிடையே 11, இரு தொகுதிகளுக்கிடையே 33 என்பது சட்டம். பெயர் சேர்ந்து தெரியட்டும் என்று இடைவெளியை நெருக்குவதும், இரண்டு ‘1’களுக்கு நடுவே கறுப்பு ஆணியை அறைந்து ‘எச்’ ஆக்குவதும் குற்றம். 1,000 பவுண்ஸ் வரை அபராதம் வரலாம், வீதியில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. பரிசோதனையிலும் கார் தவறும். நெருக்காமல், திருகாமல் பெயர் தெரியாவிட்டால் அந்த இலக்கத்தை வாங்காதீர்கள்.

இலக்கம் மாறிய அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். லண்டன் நெரிசல் கட்டணத்துக்கான தானியங்கிக் கணக்கு, வீதித் தரிப்பிட அனுமதி ஆகியவற்றிலும் புதிய இலக்கத்தைப் பதியுங்கள்.

காரை விற்கும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். என் நண்பர் ஒருவர், மகள் பிறந்தபோது அவளுடைய முதலெழுத்துகளோடு வாங்கிய இலக்கத்தைக் கழற்றி வைக்காமலே பழைய காரைக் கொடுத்துப் புதிய காரை எடுத்துவந்தார்; வீட்டு வாசலில் புதுத் தகட்டைப் பார்த்த பிறகுதான் இழந்தது அவருக்கு உறைத்தது. இலக்கத்தை ஒதுக்கி வைக்காமல் விற்றால், அதன் உரிமை காரோடு புதியவருக்குப் போய்விடும். ஆகவே, விற்பதற்கு முன்பே 80 பவுண்ஸ் கட்டி அதை உங்கள் பெயரில் ஒதுக்கிவிடுங்கள். விபத்தில் கார் முற்றாகச் சேதமடைந்தாலும், காப்புறுதிப் பணத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னரே இலக்கத்தை வைத்துக்கொள்ளப் போவதாக நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.