மாடித் தொட்டியில் ரோஜா: நர்சரிச் செடி பட்டுப்போகாமல் வளர்க்கும் முறை

நர்சரியில் மொட்டும் பூவுமாக இருந்த ரோஜா, வீட்டுக்கு வந்து ஓரிரு மாதத்தில் வெறும் குச்சியாகிவிடும். உரம் போதவில்லை, கைராசி இல்லை என்றெல்லாம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேரைச் சுற்றியிருக்கும் களிமண் உருண்டைதான். தூரத்திலிருந்து லாரியில் வரும்போது ஈரம் காயாமலிருக்க அப்படிக் கட்டி அனுப்புகிறார்கள். அதை அப்படியே தொட்டிக்குள் வைத்தால் சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உருண்டை நசநசவென்றே இருக்கும், வேர் அழுகும். ஒருமுறை இறுகிக் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது.

செடி வாங்கும்போது

பூவைப் பார்க்காமல் அடித்தண்டைப் பாருங்கள். பென்சில் பருமனில் இரண்டு மூன்று கிளைகள், கிளைகளில் புதுத் தளிர், தண்டில் கருமை படராத பச்சை இருந்தால் எடுக்கலாம். சமவெளி வெயிலுக்கு ஆந்திரா ரெட், பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா ஆகியவை நன்றாகத் தாங்கும். ஓசூர் பசுமைக்குடில்களில் வளரும் தாஜ்மஹால் போன்ற கொய்மலர் (காம்போடு வெட்டி விற்கும் பூ) ரகங்கள் அந்த ஊர்க் குளுமைக்குப் பழகியவை. முதல் செடியாக அவை வேண்டாம்.

மண் கலவையும் நடவும்

12 முதல் 14 அங்குலத் தொட்டி போதும். அடியில் நான்கைந்து துளைகள் இருக்க வேண்டும். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) 1 பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தின் சூடு வேரைக் கருக்கிவிடும்.

வாங்கிய செடியை ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். பிறகு மாலையில் பாலிதீன் பையைக் கிழித்து, வேர் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்துங்கள். வெளிப்புறக் களிமண் இளகியதும் விரலால் மெல்லத் தேய்த்து எடுங்கள். நடுப்பகுதியைக் குடைய வேண்டாம், உறிஞ்சு வேர்கள் அறுந்துவிடும். ஒட்டுப்பகுதி, அதாவது தண்டில் முடிச்சு போலப் புடைத்திருக்கும் இடம், மண்ணுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி நடுங்கள். அது புதைந்தால் அழுகத் தொடங்கும்.

நட்டதும் இருக்கும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் வேர் பிடிக்காத செடி பூவுக்குச் சத்தைச் செலவழித்தால் தளிர் விடாது. முதல் மாதம் உரமும் வேண்டாம்.

தண்ணீர், வெயில், உரம்

குறைந்தது ஆறு மணி நேர வெயில் தேவை. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம். மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் காலையில் தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். மாலையில் இலையை நனைத்தால் இரவு முழுக்க ஈரம் நின்று கரும்புள்ளி நோய்க்கு வழிவிடும்.

மாதம் இருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், 15 நாளுக்கொருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா போதுமானது. சர்க்கரை கலந்த டீத்தூளைக் கொட்டினால் எறும்பும் பூஞ்சையும் வரும். பலர் உரமாகப் போடும் முட்டை ஓடும் எல்லாருக்கும் பொருந்தாது, அதில் இருப்பது சுண்ணாம்புதான். உப்பு, சுண்ணாம்பு மிகுந்த போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டிருக்கும். அங்கே செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவே இருக்க, இளம் இலைகள் மட்டும் மஞ்சளாவது அதற்கு அடையாளம். மழைநீரைப் பிடித்து ஊற்றினாலே தேறத் தொடங்கும்.

எதைக் கவனிக்க வேண்டும்

ஒட்டுக்குக் கீழிருந்து கிடுகிடுவென்று ஒரு கிளை கிளம்பினால் அது அடிச்செடியின், அதாவது ரோஜாவை ஒட்டுக்கட்டிய வேர்ச்செடியின், துளிர். பெரும்பாலும் ஒரு காம்பில் ஏழு சிற்றிலைகள் இருக்கும். இலையை எண்ணுவதைவிடக் கிளை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே நிச்சயம். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். விட்டுவைத்தால் நல்ல கிளைகளுக்குப் போகும் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

இதழோரம் பழுப்பாகி மொட்டு விரியாமல் போனால் இலைப்பேன். அந்த மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். கோடையில் இலையடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. அடிப்பக்கம் படும்படி காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடும்.

வெட்டுவது

பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளாதீர்கள். ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைவரை இறங்கி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். ஆறேழு வாரத்தில் அடுத்த பூ வரும்.

ஆண்டுக்கொருமுறை பெரிய கவாத்து உண்டு. வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்தபின், நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ செய்யலாம். காய்ந்த, குறுக்கே ஓடும், மெலிந்த கிளைகளை அடியோடு எடுத்துவிட்டு மற்றவற்றைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவினால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும் நோய் அண்டாது. ஏற்கெனவே கருகத் தொடங்கியிருந்தால், உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை இறக்கி வெட்டி, அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை டெட்டாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.