ஹீமோபிலியா புள்ள இருக்குற வீட்டோட கஷ்டத்த அளக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

என் பையனுக்கு சிவியர் ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியா உறையாத பிறவி நோய், இப்ப 11 வயசு. நாலு வருஷமா க்ளினிக் நாள்ல மத்த அம்மாங்க கூட உக்காந்து கேள்வித்தாள் நிரப்ப உதவி பண்றேன். நர்சிங் படிக்கிற புள்ளைங்க, சோஷியல் வொர்க் படிக்கிறவங்க, சில சமயம் டாக்டருங்களே வருவாங்க, எல்லாருக்கும் நல்ல மனசு தான், ஆனா அதே தப்புங்க திரும்பத் திரும்ப நடக்குது, அதனால அந்த வீடுங்க படுற பாடு பேப்பர்ல ஏறவே மாட்டேங்குது. அதான் எழுதுறேன்.

முதல்ல, தப்பான ஃபார்ம எடுத்துட்டு வர்றது. ஹீமோபிலியா புள்ளைங்க வாழ்க்கை எப்படி இருக்குன்னு அளக்குற ஹீமோ-கோல்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல புள்ளைக்கு தனி, பேரண்ட்ஸுக்கு தனி. பேரண்ட்ஸ் ஃபார்ம்னதும் அது குடும்பத்தப் பத்தினதுன்னு நெனச்சுக்குறாங்க, ஆனா அதுல அம்மாகிட்ட கேக்குறதும் புள்ளையப் பத்தி தான், அவனுக்கு வலி இருக்கா, அவன் விளையாடுறானா, இப்படி. அம்மா தூங்குறாளான்னு அதுல வராது. குடும்பத்த அளக்கணும்னா பெட்ஸ்கியூஎல் ஃபேமிலி இம்பாக்ட் மாட்யூல்னு ஒரு ஃபார்ம் இருக்கு, 36 கேள்வி, அப்பா அம்மாவோட உடம்பு, மனசு, கவலை, வீட்டு வேலை, வீட்டுக்குள்ள உறவு எல்லாம் கேக்கும். ஹீமோபிலியா புள்ளைய பாத்துக்குறவங்களுக்குன்னே ஹீமோகேப்னு ஒரு ஃபார்ம் வந்திருக்கு. சிலர் ஸாரிட் ஸ்கேல தூக்கிட்டு வர்றாங்க, அது மறதி நோய் வந்த பெரியவங்கள பாத்துக்குறவங்களுக்காக பண்ணது, நம்ம வீட்டுக்கு பாதி கேள்வி ஒட்டாது. இன்னொண்ணு, மார்க் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கங்க. பெட்ஸ்கியூஎல்ல 100 வந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம், ஸாரிட்ல மார்க் ஏற ஏற சுமை ஜாஸ்தி. ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டு குழப்பினத நானே பாத்திருக்கேன்.

இருக்குறதுலயே பெரிய தப்பு, யார் பக்கத்துல இருக்கும்போது கேக்குறோம்ங்கிறது தான். ஒரு பொண்ணு, 24, 25 வயசு இருக்கும், மடியில முழங்கால் வீங்கின புள்ள, பக்கத்துல மாமியார். "வீட்ல உங்களுக்கு சப்போர்ட் இருக்கா, உங்கமேல யாராவது கோவப்படுறாங்களா"ன்னு சத்தமா படிச்சாங்க, அவ மாமியார் முகத்த ஒரு தடவ பாத்துட்டு "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நல்லா இருக்கோம்"னுட்டா. அப்புறம் தண்ணி குழாய்கிட்ட ஐஸ்பேக் துணிய அலசிக்கிட்டே சொல்றா, "உன் ரத்தம் தான் என் பேரன கெடுத்துச்சுன்னு தெனமும் சொல்றாங்கக்கா, இவரும் கேட்டுட்டு சும்மா தான் இருக்காரு"ன்னு. பேப்பர்ல அவளுக்கு நல்ல மார்க். ஹீமோபிலியா அம்மாவோட எக்ஸ் குரோமோசோம் வழியா வருதுன்னு பாதி மட்டும் தெரிஞ்சு வச்சிருக்குற வீடுங்கள்ல இது சாதாரணமா நடக்குது, ஏறக்குறைய மூணுல ஒரு புள்ளைக்கு குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசா வருதுங்கிறத யாரும் சொல்றதில்ல. அதனால அம்மாவ தனியா கூட்டிட்டுப் போய் கேளுங்க. அப்பாவையும் தனியா கேளுங்க, அவரு "எனக்கென்ன, அவதான் பாத்துக்குறா"ன்னு நழுவுவாரு, விட்டுறாதீங்க, ராத்திரி டூட்டிக்கு மாறினது, வெளியூர் வேலைய விட்டது எல்லாம் அப்பதான் வரும்.

இதோட சேந்த இன்னொரு விஷயம். "சோர்வா இருக்கீங்களா"ங்கிற கேள்விக்கு அம்மா "எப்பவும்"னு போட்டா, உடனே புள்ளைய பாத்துக்குற அலுப்புன்னு எழுதிடுறோம். ஆனா கேரியரா, அதாவது இந்த நோயோட மரபணுவ சுமக்குறவங்களா இருக்குற அம்மாவுக்கே ஃபேக்டர், அதாவது ரத்தத்த உறைய வைக்கிற புரதம், அளவு கம்மியா இருக்கலாம், மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வந்திருக்கலாம். அவங்க ஃபேக்டர் லெவலும் ஹீமோகுளோபினும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. தயவு செஞ்சு பாக்கச் சொல்லுங்க.

மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ் ஃபார்ம்ல சுமைங்கிற அர்த்தத்துல வர்ற பர்டன்ங்கிறத அப்படியே "பாரம்"னு போட்டு "உங்கள் குழந்தை உங்களுக்குப் பாரமாக உள்ளதா"ன்னு கேட்டாங்க. ஒரு அம்மா பேனாவ வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க, "பெத்த புள்ள எனக்கு பாரமா?" அதுக்கப்புறம் எந்தக் கேள்விக்கும் அவங்க பதில் சொல்லல. ஏற்கனவே சரிபாத்த தமிழ் வெர்ஷன் இருக்கான்னு கேட்டு அனுமதியோட வாங்குங்க, இல்லன்னா தமிழ்ல போட்டத வேற ஒருத்தர வச்சு திருப்பி இங்கிலீஷ்ல மாத்திப் பாத்து, நாலஞ்சு அம்மாங்ககிட்ட படிச்சுக் காட்டிட்டு அப்புறம் இறங்குங்க.

செலவுன்னா மருந்து செலவு மட்டும்னு நெனைக்கிறது. தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரியில ஃபேக்டர் ஊசி மருந்து இலவசமா குடுக்குறாங்க, அதனால "செலவு இல்லை"ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுறாங்க. பஸ் காசு, ரெண்டு பேரோட கூலி, ஸ்கூல் லீவு, ஃபேக்டர ஐஸ் டப்பாவுல வச்சு கொண்டுபோறது, இதெல்லாம் யாரு கணக்குல? என் பையன் ஒருதரம் கணுக்கால் ப்ளீட, உள்ள ரத்தம் கசிஞ்சத, ரெண்டு நாள் மறைச்சுட்டான், ஸ்கூல்ல இருந்து வந்ததும் சாக்ஸக் கழட்டாமயே திரிஞ்சான். கேட்டா "நீ லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்கல்லம்மா"ங்கிறான். அவன் மறைச்ச அந்த ரெண்டு நாளுக்கு எந்த ஃபார்ம்லயும் கட்டம் இல்ல.

அப்புறம் ப்ளீட் ஆன அன்னிக்கு மட்டும் கேக்குறது. பெரும்பாலும் கடந்த ஒரு மாசத்த வச்சு தான் கேள்வி, ஆனா புள்ள வலியில கத்துற அன்னிக்கு அந்த மாசமே நரகமா தான் தெரியும், ஒண்ணும் இல்லாத மாசத்துல எல்லாம் லேசாத் தெரியும். ரெண்டு மூணு தடவ கேட்டா தான் நிலவரம் தெரியும். எல்லாரையும் ஒரே கூட்டமா சேத்து சராசரி எடுக்குறதும் வேணாம், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ நரம்பு தேடி ஊசி குத்துற வீடும், எமிசிஸுமாப்ங்கிற மருந்த தோலுக்கடியில போட்டுக்குற வீடும், இன்ஹிபிட்டர், அதாவது ஃபேக்டர எதுத்து உடம்பே உண்டாக்குற எதிர்ப்புப் பொருள், வந்து ஃபேக்டரே வேலை செய்யாத வீடும் ஒண்ணு கிடையாது.

அக்கா தங்கச்சிங்களையும் விட்டுடாதீங்க, அவங்களும் கேரியரா இருக்கலாம், கல்யாணப் பேச்சு வரும்போது தான் அந்த வீட்டோட பயம் வெளிய வரும்.

ஒவ்வொரு ஃபார்ம் மேலயும் இத மட்டும் கையால எழுதிடுங்க: தேதி, புள்ளையோட ஃபேக்டர் லெவல், கடைசியா ப்ளீட் ஆனது எப்போ, என்ன ட்ரீட்மென்ட், பதில் சொன்னது யாரு, அப்ப பக்கத்துல யாரு இருந்தாங்க.