ஓய்வில்லாத தாய்மார்களுக்கு நாவல் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிக்க நல்ல நாவல் கேட்கும் ஒரு தாயிடம் நாம் சொல்லும் முதல் வாக்கியமே பெரும்பாலும் தவறாக அமைந்துவிடுகிறது. "எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள்" என்பதை ஒரு புத்தகத்துக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த சான்றாக எண்ணிச் சொல்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை முடித்து இரவு எட்டரை மணிக்கு மேல் வீடு திரும்பும் பெண்ணும், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் கணவருடன் மாற்றி மாற்றித் தறி பார்க்கும் பெண்ணும், காங்கயம் பக்கம் விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளி வண்டிக்குக் கிளப்பிவிடும் பெண்ணும் எந்தப் புத்தகத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்தே ஆக வேண்டியவர்கள். கீழே வைத்த பிறகும் மனத்தில் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிற கதையே அவர்களுக்கு வேண்டும். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும், யார் எவர், எந்த இடத்தில் விட்டோம் என்று பின்னோக்கிப் புரட்டாமல் நேரே உள்ளே போக முடிய வேண்டும். பரிந்துரைப்பவர் தம் வாசிப்பு அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த ஒன்றைக் கவனிக்காமல் விடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

இதைக் கவனிப்பது கடினமும் அன்று. அத்தியாயங்கள் சிறியனவா, கதை ஒரே நேர்கோட்டில் போகிறதா, முதல் முப்பது பக்கங்களில் எத்தனை பேர் அறிமுகமாகிறார்கள், உரையாடல் மிகுந்திருக்கிறதா என்று நான்கைந்து செய்திகளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழில் வார இதழ்களுக்காக எழுதப்பட்ட தொடர்கதைகள் இந்த வாசகிக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. ஒரு வாரம் முழுக்க வாசகர் வேறு வேலைகளில் மூழ்கியிருப்பார் என்ற கணிப்போடு, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்ததை எதிர்பார்க்கச் செய்து எழுதப்பட்டவை அவை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. ஆடி 18 நோம்பிக்குப் பவானி கூடுதுறைக்குப் போய்வந்த ஒருவருக்கு அந்தத் தொடக்கத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால், ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாகக் கட்டிக் கையில் கொடுப்பது பெருந்தவறு. அலமாரியில் அடுக்கிவைத்த ஐந்து தடிமனான புத்தகங்கள் ஒவ்வொரு நாளும் 'இன்னும் தொடங்கவில்லையே' என்ற உறுத்தலையே தரும். முதல் பாகத்தை மட்டும் கொடுத்து, அது முடிந்தபின் அடுத்ததைக் கொண்டுபோய்த் தரலாம். அதைவிட நல்லது, ஒரே நூலாக முடிந்துவிடும் 'பார்த்திபன் கனவி'லிருந்து தொடங்குவது. அதனோடு கதைத்தொடர்பு உள்ள 'சிவகாமியின் சபதம்' சொல்லும் நிகழ்ச்சிகள் காலத்தால் முந்தியவை என்றாலும் கல்கி அதைப் பிறகுதான் எழுதினார். ஆகவே 'பார்த்திபன் கன'வை முதலில் படிப்பதால் எந்தக் குறையும் வராது.

புத்தகத்தின் பருமனைப் பார்த்து எளிமையை அளப்பது இன்னொரு பரவலான தவறு. நேரம் இல்லாதவருக்குச் சிறிய நாவல் கொடுத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' அளவில் சிறியதுதான். நம் கொங்குக் கிராமங்களின் குடிநாவிதர் வாழ்க்கையை அவ்வளவு நெருக்கத்தில் காட்டிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை. எனினும் அது காரு மாமாவின் சாவில் தொடங்கி, உறவுகளின் நினைவுகளுக்குள் முன்னும் பின்னுமாகப் போய்வருவது; யார் யாருக்கு என்ன முறை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு படிக்க வேண்டியது. பத்துப் பத்து நிமிடமாகத் துண்டு போட்டுப் படித்தால் அதன் உயிர் போய்விடும். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கும்போது படிக்கச் சொல்லி அதைக் கொடுத்தால், அது தன் முழு வலிமையோடு போய்ச் சேரும். மாறாக, எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' பெரிய நாவல். ஆனால் திருப்பூரில் வளரும் ஐந்து நண்பர்களின் கதை என்பதால், பனியன் தொழிலை அறிந்த வாசகிக்கு அந்த உலகத்துக்குள் திரும்பிப் போவதற்கு எந்தத் தயாரிப்பும் தேவைப்படுவதில்லை.

சிறியதாகவும் நேர்கோட்டில் செல்வதாகவும், அதே நேரத்தில் ஆழமானதாகவும் உள்ள ஒரு நாவலைச் சொல்லும்படி கேட்டால் நான் முதலில் சொல்வது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வெளிவந்த இந்த நாவலைத் தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடி என்று விமர்சகர்கள் போற்றுகிறார்கள். அந்தப் பெருமையைச் சொல்லி இதைப் பரிந்துரைப்பதும் ஒரு தவறுதான். 'முன்னோடி' என்றவுடன் கேட்பவருக்குப் பாடப்புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது அதன் கதையைத்தான். கணவனை இழந்த நாகம்மாள், கைக்குழந்தைப் பருவம் கடந்த மகளோடு, கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தில் வாழ்கிறாள். கொழுந்தனும் அவன் மனைவி ராமாயியும் கெட்டவர்கள் அல்லர். ஆயினும் தன் கணவனின் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி அவள் கேட்கத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் சொன்னால் போதும். பங்கு பிரிப்பதன் புழுக்கம் எந்தக் குடும்பத்தில் இல்லை? கேட்பவர் அந்த இடத்திலேயே, அவள் கேட்டது நியாயமா இல்லையா என்று எண்ணத் தொடங்கிவிடுவார். அவளுக்காகப் பரிவதா, அவள்மேல் கோபப்படுவதா என்று முடிவுசெய்ய விடாமல் நம்மைக் கடைசிவரை கூட்டிப்போகிறார் ஆசிரியர். சோறு கொதிக்கும்போதும் துணி அலசும்போதும் மனத்துக்குள் தொடரும் வாசிப்பு இத்தகைய கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைக் காட்டிலும், இவள் செய்தது சரியா என்ற கேள்விக்கு ஆயுள் அதிகம்.

நமக்குத் தெரிந்த பேச்சுத்தானே என்று வட்டார வழக்கில் எழுதப்பட்டவற்றை எளிது என்று சொல்லிவிடுவதும் கூடாது. காதால் கேட்கும்போது இயல்பாக இருக்கும் கொங்குப் பேச்சு, அச்சில் பார்க்கும்போது முதலில் தயங்க வைக்கிறது. பள்ளியில் நாம் படித்ததெல்லாம் எழுத்துத் தமிழ் அல்லவா? முதல் சில உரையாடல்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அந்தத் தயக்கம் விலகிவிடும். இப்போது புழக்கத்தில் குறைந்துவிட்ட சொற்களை வீட்டிலுள்ள அப்பத்தாவிடமோ அம்மச்சியிடமோ கேட்கலாம். பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யும் இருக்கிறது. ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு நாவல் படிக்கும்படி யாரையும் கேட்பது சரியில்லை.

தாய்மார்கள் எல்லாருக்கும் ஒரே ரசனை என்று கருதிக்கொள்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தாய் என்றவுடன் தாய்ப்பாசக் கதை, குடும்பக் கதை, தியாகக் கதை என்று நம் கை தானாகப் போகிறது. நாள் முழுவதும் குடும்பத்துக்குள்ளேயே இருப்பவர், இரவில் கிடைக்கும் அரைமணி நேரத்திலும் இன்னொரு குடும்பத்தின் சமையலறைக்குள் போய் உட்கார விரும்புவார் என்று நாமாக எப்படி முடிவுசெய்யலாம்? ஒருவருக்கு அதுவே ஆறுதலாக இருக்கலாம். இன்னொருவருக்குக் கொலையும் துப்பறிதலும் வேண்டியிருக்கலாம். மற்றொருவருக்குச் சோழர் காலமோ, அறிவியல் புனைவோ பிடிக்கலாம். இதை அறிந்துகொள்ள மிக நல்ல வழி, திருமணத்துக்கு முன் என்ன படித்தீர்கள் என்று கேட்பதுதான். கல்லூரிப் பேருந்தில் மாத நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துவிட்டு, முதல் குழந்தை பிறந்ததோடு வாசிப்பை நிறுத்தியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அல்லர்; விட்ட இடத்துக்குத் திரும்புகிறவர்கள். கோவையிலிருந்து எழுதும் ராஜேஷ்குமாரின் 1000க்கும் மேற்பட்ட நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளின் வழியாகவே இப்படிப்பட்ட வாசகிகளைச் சென்றடைந்தன. அவற்றை இளக்காரமாகப் பேசுவது, கேட்டவரின் இளமைக்கால மகிழ்ச்சியையே இளக்காரம் செய்வதாகும். "அதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் நாம் எவ்வளவு உயர்ந்த நூலைப் பரிந்துரைத்தாலும் அவர் வாங்கமாட்டார். துப்பறியும் கதையை விரும்புகிறவருக்கு இன்னொரு நல்ல துப்பறியும் கதையையே முதலில் கொடுக்க வேண்டும். பழக்கம் திரும்பி வந்தபின் மற்றவற்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

நாவல் கேட்டவருக்குக் குழந்தை வளர்ப்பு நூலையும் தன்னம்பிக்கை நூலையும் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது அவர் கேட்டதற்கான விடை அன்று.

எச்சரிக்காமல் கொடுப்பது எல்லாவற்றிலும் வருத்தம் தரக்கூடிய தவறு. சிறந்த நாவல்கள் பல கொடுமையான இடங்களுக்குப் போகின்றன. பிள்ளை பெற்ற சில மாதங்களில் ஒருவர் அவற்றைப் படிப்பதற்கும், பத்தாண்டு கழித்துப் படிப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' கலப்புமணம் செய்துகொண்டு கணவனின் ஊருக்கு வரும் சரோஜாவின் கதை. மிக வேகமாகப் படிக்க முடிகிற நாவல். அதனாலேயே பலரும் அதைத் தயங்காமல் நீட்டிவிடுகிறார்கள். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கும்முன் இருமுறை எண்ண வேண்டும். அவருடைய 'பூனாச்சி'யை வெள்ளாட்டுக் குட்டியின் கதை என்பதால் குழந்தைகளோடு சேர்ந்து படிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தாயையும் குட்டிகளையும் பிரிக்கும் பகுதி அதில் இருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' சத்தியமங்கலம் மலைப்பகுதியில் வீரப்பன் தேடுதலின்போது பழங்குடி மக்கள்மீது நிகழ்ந்த வதைகளைச் சொல்வது. நம் பகுதியின் ஒவ்வொரு வாசகரும் ஒருநாள் படித்தே ஆக வேண்டிய நூல் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தூங்குவதற்கு முன் பத்துப் பக்கம் படிப்பவருக்கு உரிய நூல் அன்று. 'நாகம்மா'ளின் முடிவும் மென்மையானதன்று. எச்சரிப்பது என்றால் கதையைப் போட்டு உடைப்பது என்று பொருள் அல்ல. "இதில் வன்முறை வருகிறது, குழந்தைக்குத் துன்பம் வரும் இடம் ஒன்று இருக்கிறது, இப்போது வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாலே போதும். முடிவு செய்வது அவர் உரிமை.

புத்தகம் எந்த வடிவில் கைக்கு வருகிறது என்பதையும் பரிந்துரைப்பவர் பார்க்க வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மலிவுப் பதிப்புகளில் எழுத்து மிகப் பொடியாக இருப்பதுண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர், இரவில் குழந்தை தூங்கும் அறையின் மங்கிய வெளிச்சத்தில் அதைப் படிக்க முடியாது. 'நேரமில்லை' என்று அவர் சொல்வதன் உள்ளே பல நேரங்களில் இந்தக் கண்வலிதான் இருக்கும். ஜூலையில் கோவை கொடிசியாவிலும் ஆகஸ்டில் ஈரோட்டிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் ஒரே நூலின் பல பதிப்புகளை அருகருகே புரட்டிப் பார்த்து, எழுத்து பெரியதாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். நூலகத்தில் எடுத்துப் படியுங்கள் என்று சொல்வது எளிது. எட்டரை மணிக்கு வேலை முடிப்பவர் திரும்பும்போது கிளை நூலகம் பூட்டியிருக்கும். பிள்ளைகளோ நாமோ எடுத்துவந்து கொடுத்தால்தான் அந்த யோசனைக்குப் பொருள் உண்டு. ஒலிநூல்கள் சமையல் செய்பவருக்கும் பேருந்தில் போகிறவருக்கும் மிக நல்ல துணை. தறி ஓடும் வீட்டில் இருப்பவருக்கு அவற்றால் பயனில்லை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது. கைப்பேசியில் படிப்பதும் அப்படித்தான்: ஒரே கைப்பேசியைப் பிள்ளைகளும் கேட்கும் வீட்டில், அச்சிட்ட புத்தகம் மட்டுமே தாய்க்கு உரியதாகத் தங்கும்.

ஒரே நேரத்தில் பத்துத் தலைப்புகளை எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். "நல்ல கதையா ஒண்ணு சொல்லுங்க அக்கா" என்று கேட்டவர் ஒன்றைத்தான் கேட்டார். ஒன்றைச் சொல்லி, முடிந்தால் அந்தப் புத்தகத்தையே கையில் கொடுக்க வேண்டும். நமக்கு அருமையான, கறைபடக் கூடாத பிரதியாக அது இருக்கக் கூடாது. குழம்புத் தெறிப்போ குழந்தையின் கிறுக்கலோ பட்டுவிடும் என்ற அச்சத்தில், வாங்கிய புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்.

கொடுத்த பிறகு "படித்தாயிற்றா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பது, பள்ளித் தேர்வின் பதற்றத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் வருந்தவும் வேண்டாம், முடித்துவிடும்படி வற்புறுத்தவும் வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் இயல்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்கள் குழம்பின என்றால், அடுத்த நாவலில் நான்கைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. படித்தபடியே தூங்கிவிட்டேன் என்றால் நூலில் குறை இல்லை. இரவுக்குப் பதிலாகப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரத்தில் படிக்க இன்னும் சிறிய அத்தியாயங்கள் கொண்ட ஒன்றைத் தேடலாம். மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது என்றால், அந்த நூலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, துப்பறியும் கதையோ வரலாற்றுக் கதையோ ஒன்றை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.