மளிகைச் சீட்டில் எந்த எண்ணெயை எழுதுவது? இதயத்துக்காக ஒரு எளிய வழிமுறை

எண்ணெய் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த எண்ணெய் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியை இங்கே மூன்றாவதாக வைத்திருக்கிறேன். எவ்வளவு ஊற்றுகிறோம் என்றே தெரியாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

படி 1: அளவைக் கண்டுபிடியுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 27 கிராம். மாதத்துக்குத் தலைக்கு சுமார் 900 மில்லி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்றரை லிட்டர். டீக்கடை வடையும் ஓட்டல் பரோட்டாவும் இதே கணக்கில்தான் வரும். அதனால் வீட்டுச் சமையலுக்கு 3 லிட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணெயைத் தூக்கிலிருந்து நேராகச் சட்டியில் சாய்க்காமல், 5 மில்லி ஸ்பூன் ஒன்றை அதற்கென்றே போட்டு வையுங்கள். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய நாலரை கிராம். அதாவது ஒருவருக்கு நாளைக்கு 6 ஸ்பூன். இப்போது காலை டிபனை மட்டும் அளந்து பாருங்கள். மூன்று தோசைக்குச் சுற்றி ஊற்ற ஆளுக்கு 3 ஸ்பூன், மிளகாய்ப்பொடி குழைக்க நல்லெண்ணெய் 2 ஸ்பூன். ஒன்பது மணிக்கே ஐந்து ஸ்பூன் காலி! மதியப் பொரியலும் ரசத்துக்குத் தாளிப்பும் இன்னும் பாக்கி.

படி 2: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். செடி, மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. பின்பக்க அட்டவணையில் பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள்: சாச்சுரேட்டட் ஃபேட், ட்ரான்ஸ் ஃபேட்.

சாச்சுரேட்டட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை ஏற்றிவிடும். இது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரிக்கு 22 கிராம். எண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்: தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு சுமார் 85 முதல் 90 கிராம், நெய்யில் 60-க்கு மேல், பாமாயிலில் பாதி, தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20-ஐ ஒட்டி, நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி, சூரியகாந்தியில் 11-ஐ ஒட்டி.

ட்ரான்ஸ் ஃபேட், அதாவது எண்ணெயைக் கெட்டியாக்கி வனஸ்பதி செய்யும்போது உருவாகும் கொழுப்பு, இன்னும் மோசம். எல்டிஎல்லை ஏற்றும், நல்லது எனப்படும் எச்டிஎல்லையும் இறக்கும். எண்ணெய், கொழுப்பில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் வனஸ்பதியை வீட்டுக்குள் விட எனக்கு மனசில்லை.

கடையில் இன்னும் இரண்டு விஷயங்கள். 'கலப்பு எண்ணெய்' என்றால் எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்க வேண்டும். படத்தைப் பார்க்காமல் அந்த வரியைப் படியுங்கள். நல்லெண்ணெய் அடுக்கிலேயே மலிவாக நிற்கும் 'தீப எண்ணெய்' விளக்குக்கு மட்டும்தான், சமையலுக்கு அல்ல.

படி 3: இரண்டு எண்ணெய் போதும்

தாளிக்க, வதக்க, தோசைக்கு எல்லாவற்றுக்கும் கடலை எண்ணெய். புளிக்குழம்பு, ஊறுகாய், பொடிக்கு நல்லெண்ணெய். என் பரிந்துரை இவ்வளவுதான். கடலை எண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் தவிட்டு எண்ணெய் வாங்கலாம். ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கினால்தான் இதயம் பிழைக்கும் என்பதில்லை.

செக்கு எண்ணெயா ரீஃபைண்டா? செக்கில் மணமும் வைட்டமின் ஈ போன்றவையும் கூடுதலாகத் தங்கும். கொழுப்பின் வகையும் கலோரியும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'செக்குதானே' என்று தாராளமாக ஊற்றினால் முதல் படிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

நாகர்கோவில் அவியலில் கடைசியாகப் பச்சையாக ஊற்றும் தேங்காய் எண்ணெயை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஒரு ஸ்பூன் இருக்கட்டும். தினசரிச் சமையலுக்கே அதுதான் என்றால் யோசியுங்கள்: 3 ஸ்பூனிலேயே 22 கிராமில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ரேஷன் பாமாயிலை நம்பியிருக்கும் வீடுகளில் முழுவதும் நிறுத்துவது சுலபமல்ல. மாதம் ஒரு லிட்டராவது கடலை எண்ணெய்க்கு மாற்ற முடிந்தால் நல்லது.

மீன் சாப்பிடுபவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை வாங்குங்கள். இதயத்துக்கு நல்லது எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய. குழம்பாக வையுங்கள், வறுத்தால் எண்ணெய்க் கணக்கு ஏறிவிடும்.

எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

படி 4: பொரித்த எண்ணெய்

அப்பளமோ பஜ்ஜியோ பொரிக்கும்போது சின்ன வாணலியில் குறைவாக ஊற்றுங்கள். மிச்சம் குறைந்தால் தலைவலியும் குறையும். மிஞ்சியதை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஓரிரு நாளில் குழம்புக்கோ பொரியலுக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்கவும் வேண்டாம், புது எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம். கறுத்து, நுரைத்து, கையில் பிசுபிசுத்தால், அல்லது அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள்.

படி 5: வைக்கும் இடம்

அடுப்புக்குப் பக்கத்து மேடை வசதிதான், ஆனால் சூடும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அலமாரிக்குள் மூடி வையுங்கள். விலை குறைகிறது என்று 15 லிட்டர் டின் வாங்குவதைவிட ஒவ்வொரு லிட்டராக வாங்குவது மேல். தூக்கில் பழையது தீர்ந்ததும் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே புதிதாக ஊற்றுங்கள்.