பறக்கும் பருந்து ஏன் கறுப்பு நிழலாக விழுகிறது?

பருந்துப் படம் சரியாக வரவில்லை என்றால் பலரும் முதலில் திட்டுவது லென்ஸைத்தான். ஆனால் கெட்டுப்போன படங்களைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசியில் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். வெளிறிய வானம், நடுவில் கறுப்பாக ஒரு உருவம், கரும்பருந்தா செம்பருந்தா என்றுகூடச் சொல்ல முடியாது.

கேமராவை ஆட்டோ எக்ஸ்போஷரில், அதாவது எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும்படி, விட்டுவிடுவதுதான் இதற்குக் காரணம். ஃபிரேமில் பெரும்பகுதி வானம் என்பதால், கேமரா வானத்தை அளந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது. அதே பறவை தென்னந்தோப்புக்கு முன்னால் வந்தால் கதை தலைகீழ்: கேமரா இருட்டான ஓலைகளைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, செம்பருந்தின் வெள்ளைத் தலை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போகும், ஒரு இறகு தெரியாது. பறவையின் மேல் விழும் வெயில் என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றேதான்!

அதனால் வெயில் நிலையாக இருக்கும் நாளில் ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) மூன்றையும் மேனுவலில், நீங்களே வைத்த அளவில், பூட்டிவிடுங்கள். தலைக்கு மேல் வட்டமடிக்கும் கரும்பருந்துக்கு ஷட்டர் 1/2500 நொடி, அப்பர்ச்சர் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கலாம், ஏனென்றால் இறக்கையின் அடிப்பக்கம் நிழலில் இருக்கிறது, பறவையும் கருமை. வெயில் பட்ட செம்பருந்து என்றால் ஐஎஸ்ஓவை 400க்கு இறக்குங்கள். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) பாருங்கள், தலை வெளுக்காமல் இருந்தால் போதும், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். மேகம் வந்து வந்து போகும் நாளில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, வானத்துக்கு எதிரே காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பிளஸ் ஒன்று வரை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வரும் என்று பயந்து ஷட்டரை 1/500க்கு இறக்குபவர்களை என்ன சொல்வது? புள்ளியை மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இறக்கையை அசைக்காமல் மிதக்கும் பருந்துக்கு 1/1250 போதும். மீனை எடுக்க இறங்கும்போது 1/2500க்குக் குறையக் கூடாது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும் பொரி வல்லூறு என்றால் 1/3200, அதற்கும் மேலே. சத்தமில்லாமல் மின்னணு முறையில் படமெடுக்கும் சைலன்ட் ஷட்டரையும் அணைத்துவிடுங்கள். சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் இறக்கை வளைந்த மாதிரி விழும்.

அடுத்தது ஃபோகஸ். நகரும் பறவையை விடாமல் தொடரும் ஃபோகஸ் முறையை வையுங்கள்: கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பறவை வந்த பிறகு கேமராவைத் தூக்கி, 600 எம்எம்மில் வெறும் வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். அதே தூரத்தில் இருக்கும் ஒரு மரத்திலோ படகின் கம்பத்திலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்திருந்தால், பறவை ஃபிரேமுக்குள் வந்ததும் கேமரா சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஜூம் லென்ஸ் என்றால் 300இல் பறவையைப் பிடித்து, அப்புறம் ஜூமைக் கூட்டுங்கள். வெறும் வானத்தில் அகலமான ஸோனும் (கேமரா ஃபோகஸ் தேடும் பரப்பு) பறவைக் கண் கண்டறிதலும் நன்றாக வேலை செய்யும். பின்னால் மரமோ அலையோ வந்தால் ஃபோகஸ் அங்கே தாவிவிடும், அப்போது சின்ன ஸோனுக்கு மாறுவது நல்லது.

இன்னொன்று, பறவை தூரத்தில் வரும்போதே படபடவென்று பட்டனை அழுத்திவிடுவது. அது காலை நீட்டும் நேரத்தில் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிறைந்து கேமரா நின்றிருக்கும். செம்பருந்து தண்ணீருக்கு அருகே வந்ததும் மடித்து வைத்திருந்த கால்களைக் கீழே இறக்கும், அதுதான் அழுத்த வேண்டிய நேரம். உட்கார்ந்திருக்கும் பருந்து முன்னே குனிந்து எச்சம் போட்டால் பெரும்பாலும் உடனே கிளம்பப் போகிறது என்று அர்த்தம், கேமரா கண்ணில் இருக்கட்டும்.

நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஏனோ யாரும் பேசுவதில்லை. பருந்து இறங்குவதும் கிளம்புவதும் காற்றை எதிர்த்துத்தான், அதனால் சூரியனும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் அதன் முகம் உங்களைப் பார்த்து, வெளிச்சத்தோடு இருக்கும். சென்னை, பழவேற்காடு மாதிரி கிழக்குக் கரையில் இதில் ஒரு சிக்கல்: காலையில் சூரியன் கடல் பக்கம், காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து. மாலையில் அப்படியே மாறிவிடும். வெளிச்சத்துக்காக நின்றால் வால்தான் கிடைக்கும், ஆகவே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பக்கத் தோற்றத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் தூரத்துப் படம் தெளியாது, பருந்துகளும் வெப்பக் காற்றில் ஏறி உயரே போய்விடும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று அடிக்கும் காலை நேரங்களில் சூரியனும் காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கம் வரும். விரால் அடிப்பானும் பூனைப்பருந்துகளும் வலசை வந்திருக்கும் மாதங்களும் அவைதான்.