பழைய ஆங்கிலப் பங்கில் கோயில் சொத்தையும் குடும்ப வாரிசையும் தேடுவது எப்படி?

இங்கிலாந்தின் பழைய பங்கு (ஒரு கிறிஸ்தவக் கோயிலின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) ஒன்றை ஆராயப் புகுந்தால் பலரும் முதலில் எடுப்பது உயிலைத்தான். அதைச் சற்று ஒதுக்கிவிட்டு, கோயில் வருமானத்தில் தொடங்குங்கள்.

எட்டாம் ஹென்றி 1535-இல் எடுத்த 'வாலர் எக்லெசியாஸ்டிகஸ்' கணக்கில் பங்கின் ஆண்டு வருமானம் கிடைக்கும். அடுத்து, கவுண்டி ஆவணக் காப்பகத்தில் 'கிளீப் டெரியர்' கேளுங்கள். மானிய நிலத்தின் எல்லை, குருவின் வீடு, தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குத் தரும்) வழக்கம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். பொதுவாகத் தானியமும் உலர்புல்லும் பங்கின் முழு உரிமை பெற்ற ரெக்டருக்கு. கம்பளி, ஆட்டுக்குட்டி போன்ற சிறு தசமபாகம் ரெக்டருக்குப் பதிலாகப் பங்கைக் கவனித்த குருவான விகாருக்கு. பல ஊர்களில் ரெக்டரின் உரிமை மடங்களிடம் இருந்தது; மடங்கள் கலைக்கப்பட்டபின் அது நிலக்கிழார் கைக்குப் போய்விட்டது. அது தெரியாமல் முழுத் தசமபாகத்தையும் கோயில் வரவில் சேர்த்தால் கணக்கே தப்பு.

குடியானவர் இறந்தால், பல ஊர்களில் சிறந்த மாடு 'ஹெரியட்' என்று நிலக்கிழாருக்கு, அடுத்தது 'மார்ச்சுவரி' என்று குருவுக்கு. 1529-ஆம் ஆண்டுச் சட்டம் மார்ச்சுவரியைப் பணமாக்கியது. கடன் போக அசையும் சொத்து 10 மார்க்குக்கு (6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ்) கீழ் என்றால் ஒன்றுமில்லை. அதற்கு மேல் 30 பவுண்டு வரை 3 ஷில்லிங் 4 பென்ஸ். 40 வரை 6 ஷில்லிங் 8 பென்ஸ். அதற்கு மேல் 10 ஷில்லிங். இந்த வழக்கம் இருந்த ஊரில், குரு வாங்கிய தொகையே இறந்தவரின் வசதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உயில். 1858 ஜனவரி வரை உயில்களைப் பதிந்தவை திருச்சபை நீதிமன்றங்களே. ஆர்ச்டீக்கன் (ஆயருக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரி) மன்றத்தில் இல்லையென்றால் ஆயர் மன்றம், பிறகு கேன்டர்பரி அல்லது யார்க் பேராயர் மன்றம் என மேலே போங்கள்.

மூத்த மகனுக்கு 1 ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால் சண்டை என்று முடிவுகட்ட வேண்டாம். நிலம் ஊர் வழக்கப்படி முன்பே அவனுக்கு உறுதியாகியிருக்கலாம். கென்ட்டில் 'கேவல்கைண்ட்' வழக்கப்படி ஆண்மக்களுக்குச் சமபங்கு. 'பரோ இங்கிலிஷ்' இருந்த ஊர்களில் கடைக்குட்டி மகனுக்கு. 'காப்பிஹோல்ட்' (நிலக்கிழாரின் மன்றப் பதிவை ஆதாரமாகக் கொண்டு குடியானவர் வைத்திருந்த) நிலம் கைமாறியதை மேனர் (நிலக்கிழாரின் பண்ணை) நீதிமன்றச் சுருளில்தான் பார்க்க முடியும். 1733 வரை அவை பெரும்பாலும் லத்தீனில். உயிலுடன் வரும் சொத்துப் பட்டியலிலும் நிலம் இருக்காது. இறந்தவர் பட்ட கடனும் பெரும்பாலும் இருக்காது. பட்டியல் தொகையைப் பார்த்துப் பணக்காரர் என்று நம்பி ஏமாறுவது அதனால்தான்.

தேதியிலும் கவனம் வேண்டும். 1752-க்கு முன் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல்; '1640 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் 1641.